மழைக்கு முன் ஐந்து நாள்: சோழிங்கநல்லூர் முதல் பாம்பன் வரை சைட் சைட்டாக

முதல் நாள்: சோழிங்கநல்லூர்

ஆவணி பாதி தாண்டிவிட்டது. வடகிழக்குப் பருவமழை பொதுவாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் இறங்கும். அதற்குள் அஸ்திவாரம் தரைமட்டத்தைத் தாண்டாத கட்டடம், பொங்கல் வரை குழியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். கடற்கரைச் சாலை நெடுக எல்லா சைட்டிலும் இப்போது ஒரே அவசரம். அவசரத்தில் எவை கண்ணுக்குத் தெரியாமல் மூடப்பட்டுவிடுகின்றன என்று பார்த்துக்கொண்டே தெற்கே போவதுதான் இந்தப் பயணம்.

பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய மண் மேலே இளகிய களிமண். அதனால் இங்கே பைல் அஸ்திவாரம்: ஆழமாகத் துளைத்து, கம்பிக் கூட்டை இறக்கி, கான்கிரீட் நிரப்பும் தூண்கள். 600 மி.மீ. விட்டம், 18 மீட்டர் ஆழம். துளை இடிந்து விழாமல் இருக்க பென்டோனைட் என்ற களிமண் கரைசல் நிரப்பித் துளைக்கிறார்கள். கரைசலைக் கண்ணால் பார்த்து 'நல்லாத்தான் இருக்கு சார்' என்பதில் அர்த்தமில்லை. புதுக் கரைசலின் அடர்த்தி 1.03 முதல் 1.10 வரை, மார்ஷ் கூம்பு என்ற அளவுப் புனலில் வழியும் நேரம் 30 முதல் 60 விநாடி, பி.எச். 9 முதல் 11.5 வரை இருக்க வேண்டும். கான்கிரீட்டுக்குச் சற்று முன் துளையின் அடியிலிருந்து எடுத்த கரைசல் 1.12-க்கு மேல் போனால் மண் கலந்து கனத்துவிட்டது என்று பொருள். கனத்த கரைசலை கான்கிரீட்டால் முழுதாக மேலே தள்ள முடியாது. கம்பியைச் சுற்றி அது தங்கிவிடும்.

துளைத்து முடித்ததும் குண்டு கட்டிய டேப்பை இறக்கினால் 18.0 மீட்டர் காட்டியது. கம்பிக் கூட்டை இரண்டு துண்டாக இறக்கி, துளையின் வாயிலேயே லேப் (ஒரு கம்பி மேல் இன்னொன்றை ஒட்டிய இணைப்பு) கட்டி முடிக்க நேரமாகிவிட்டது. அதன்பின் இறக்கியபோது 17.7. அந்த 30 சென்டிமீட்டர் முழுக்கச் சேறு. அதன்மேல் கான்கிரீட் ஊற்றினால் பைலின் நுனி பாறை மேல் உட்காராது, சேற்றின் மேல் உட்காரும். மறுபடி ஃப்ளஷ் செய்து (கரைசலைச் சுழலவிட்டுச் சேற்றை வெளியேற்றி) டேப் 18.0 காட்டிய பிறகே, கான்கிரீட்டை அடிவரை கொண்டுபோகும் டிரெமி குழாயில் புனல் மாட்ட வேண்டும். ஆர்.எம்.சி. (ஆலையில் கலந்து வரும் கான்கிரீட்) லாரி வாசலில் நின்று டிரைவர் ஹாரன் அடிக்கும்போது இந்த இரண்டாவது அளவுதான் முதலில் விட்டுப்போகிறது. லாரியை எப்போது கிளம்பச் சொல்வது என்பதை இந்த டேப்தான் தீர்மானிக்க வேண்டும்.

ஊற்றும்போது வைத்துக்கொள்ள வேண்டிய கணக்கு எளிது. 600 மி.மீ. பைலில் ஒரு கன மீட்டர் கான்கிரீட் ஊற்றினால் மட்டம் ஏறத்தாழ 3.5 மீட்டர் ஏற வேண்டும். இரண்டரை மீட்டர்தான் ஏறியது என்றால் அந்த ஆழத்தில் துளை அகன்றிருக்கிறது. செலவு கூடுமே தவிர ஆபத்தில்லை. நாலரை மீட்டர் ஏறிவிட்டது என்றால் பயப்பட வேண்டும்: பக்கவாட்டு மண் உள்ளே சரிந்து பைல் அங்கே இடை மெலிந்திருக்கிறது. மொத்தக் கணக்கும் அப்படியே. 18 மீட்டருக்கு 5.1 கன மீட்டர் வர வேண்டும். 5.5 போனால் இயல்பு. 4.7-இல் முடிந்துவிட்டது என்றால் 'மிச்சம் பிடித்தோம்' என்று மகிழக் கூடாது. அந்தப் பைலின் எண்ணைத் தனியே குறித்து பைலுக்குள் குறை இருக்கிறதா என்று பார்க்கும் இன்டெக்ரிட்டி டெஸ்டுக்கு முதல் ஆளாக அனுப்ப வேண்டும்.

டிரெமியின் அடிமுனை எப்போதும் குறைந்தது 2 மீட்டர் கான்கிரீட்டுக்குள் புதைந்திருக்க வேண்டும். வேலை சீக்கிரம் நகர வேண்டும் என்று குழாயை ஒரேயடியாக மேலே இழுத்தால் முனை வெளியே வந்துவிடும். அடுத்து விழும் கான்கிரீட் கரைசலில் கரைந்து, நடுவில் ஒரு மண் அடுக்கு நின்றுவிடும். ஸ்லம்ப், அதாவது இளக்கத்தின் அளவு, 150 முதல் 180 மி.மீ. வேண்டும். இங்கே வைப்ரேட்டர் கிடையாது, கான்கிரீட் தன் எடையிலேயே படிய வேண்டும். கட்-ஆஃப் மட்டத்துக்கு (பைல் முடிய வேண்டிய உயரம்) மேலே கூடுதலாக ஊற்றி, கரைசல் கலந்த அந்தத் தலையைப் பிறகு உடைத்தெடுக்கிறார்கள். உடைக்கும் செலவைப் பார்த்து மட்டத்தோடு நிறுத்தினால், பைல்களின் தலையில் வரும் பைல் கேப் உட்காரப்போவது அந்த நொறுங்கல் கான்கிரீட்டின் மேல்தான்.

இரண்டாம் நாள்: மரக்காணம், திருவக்கரை

காலை வெயிலில் மரக்காணம் உப்பளங்கள் வெள்ளையாக மின்னுகின்றன. அங்கிருந்து உள்ளே திரும்பினால் வானூர் வட்டாரக் கல் குவாரிகளும் கிரஷர்களும். சுமார் இரண்டு கோடி ஆண்டுக்கு முந்தைய கல்மரங்கள் கிடக்கும் திருவக்கரையும் இதே பக்கம்தான். நேரம் இருப்பவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பார்க்கலாம்.

எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) வாங்குமுன் கிரஷரை ஒரு தடவை நேரில் பார்ப்பது நல்லது. கல்லை மோதவிடும் வி.எஸ்.ஐ. இயந்திரத்தில் உடைந்து, கழுவி வரும் மணல் ஒன்று. ஜல்லி சலித்தபின் அடியில் மிஞ்சும் கிரஷர் டஸ்ட் இன்னொன்று. குவியலாகக் கிடக்கும்போது இரண்டும் ஒரே சாம்பல் நிறம். பொதுப்பணித் துறை தரச்சான்று இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். சான்று ஆலைக்குத்தான், உங்கள் லோடுக்கு இல்லை. அதனால் லோடையும் சோதிக்க வேண்டும்.

சோதனைக்குப் பெரிய லேப் தேவையில்லை. உலர்ந்த மணல் 500 கிராம், 75 மைக்ரான் சல்லடை, தராசு, அடுப்பு போதும். சல்லடையில் தண்ணீர் தெளியும் வரை கழுவி, மறுபடி உலர்த்தி நிறுக்க வேண்டும். 425 கிராமுக்குக் குறையாமல் நின்றால் தூள் 15 சதவீதத்துக்குள் இருக்கிறது. உடைகல் மணலுக்கு இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 383 அனுமதிக்கும் வரம்பு அதுதான். 410 கிராம் நின்றால் 18 சதவீதம், லோடைத் திருப்பி அனுப்பலாம். தூள் கூடினால் கலவை தண்ணீரைக் குடிக்கும். மேஸ்திரி இளக்கத்துக்காக மேலும் தண்ணீர் விடுவார். பூச்சில் நூல் விரிசலாகவும் கான்கிரீட்டில் பலக் குறைவாகவும் அது வெளிப்படும்.

ஜல்லியில் பார்க்க வேண்டியது வடிவம். தட்டையான சில்லும் நீண்ட சில்லும் சேர்ந்து 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கை நிறைய அள்ளித் தரையில் பரப்பினாலே ஓரளவு தெரியும். சில்லு ஜல்லி கம்பிக்கு நடுவே பாலம் போல மாட்டிக்கொண்டு அடியில் தேன்கூடு போல ஓட்டை விடும்.

அளவில் நடக்கும் இழப்பும் சின்னதில்லை. லாரித் தொட்டி உள்ளளவு 14 அடிக்கு 7 அடி, உயரம் 3 அடி என்றால் 294 கன அடி, நூறு கன அடி ஒரு யூனிட் என்பதால் கிட்டத்தட்ட மூன்று யூனிட். மேலே குவித்துக் காட்டி நடுவில் குறைந்திருந்தால் தெரியாது. கம்பியை ஐந்து இடத்தில் குத்தி ஆழம் எடுத்துச் சராசரி போட வேண்டும். சராசரி இரண்டே முக்கால் அடி என்றால் 269 கன அடி, கால் யூனிட் போயிற்று. ஈர மணல் உப்பி நிற்கும் என்பதால் கன அடியில் வாங்குவதே நஷ்டம். எடை மேடை ரசீதோடு டன்னில் வாங்குகிறவர்களுக்குச் சண்டை குறைவு.

மூன்றாம் நாள்: நாகப்பட்டினம்

அதிகாலை 5 மணிக்குத் தளம் போட ஆரம்பித்தார்கள். மாடி வீடு, 1,200 சதுர அடி, 130 மி.மீ. கனம். கடலிலிருந்து கூப்பிடு தூரம் என்பதால் எம் 30 தரக் கான்கிரீட். கான்கிரீட் வெறும் மூன்று மணி நேர வேலை. அது ஒழுங்காக நடக்க வேண்டும் என்றால் முந்தின நாள் மாலை ஒரு மணி நேரம் சென்ட்ரிங் (தளத்தைத் தாங்கும் பலகையும் முட்டும்) மேல் நடந்திருக்க வேண்டும். அந்த நடையில் என்னென்ன பார்ப்பது என்பதை மட்டும் கொஞ்சம் விரிவாக.

முதலில் மேலே ஏறக் கூடாது, கீழே குனிந்து முட்டுகளைப் பார்க்க வேண்டும். டெல்டாக் களிமண் காய்ந்திருக்கும்போது கல் மாதிரி இருக்கும், ஒரு மழைக்கு வெண்ணெயாகிவிடும். ஒவ்வொரு ஜாக்கியின், அதாவது இரும்பு முட்டின், அடியிலும் பலகை இருக்கிறதா, செங்கல் துண்டு செருகியிருக்கிறதா? செங்கல் என்றால் எடுத்துவிட்டுப் பலகை போட வேண்டும். சவுக்கு முட்டு கலந்திருந்தால் ஒட்டுப்போட்ட முட்டு ஒன்றுகூட இருக்கக் கூடாது. குறுக்குப் பிணைப்பு இரண்டு திசையிலும் வேண்டும். முட்டு நேர்க்குத்தாக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு பிடிக்க ஐந்து நிமிடம் ஆகும்.

அப்புறம் மேலே. இங்கே மிக அருகில் உட்கார்ந்து பார்க்க வேண்டிய இடம் பால்கனி. 150 மி.மீ. கனமான கான்டிலீவர், ஒரு பக்கம் மட்டும் தாங்கல் உள்ள தளம். கடற்காற்று நேரே படும் இடம் என்பதால் கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம்) 45 மி.மீ., மெயின் கம்பி 10 மி.மீ. கான்டிலீவரில் மெயின் கம்பி மேலே இருக்க வேண்டும், அதன் நடுவிலிருந்து அடிப்பலகை வரை 100 மி.மீ. இருக்கும். அந்த 100 மில்லிமீட்டர்தான் பால்கனியைத் தூக்கிப் பிடிக்கிறது. கம்பி கட்டும்போது சரியாகவே கட்டியிருப்பார்கள். மறுநாள் பம்ப் குழாயோடு நாலு பேர் அதன் மேல் நடப்பார்கள். கம்பி 40 மி.மீ. கீழே அமுங்கிவிட்டால் மீதி 60. பலமும் ஏறக்குறைய அதே விகிதத்தில் இறங்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. முட்டைப் பிரிக்கும் அன்று, அல்லது கைப்பிடிச் சுவரும் தண்ணீர்த் தொட்டியும் ஏறிய பிறகு, சுவரை ஒட்டி மேல்பக்கம் ஒரு கோடு விரியும். மருந்து ரொம்பச் சாதாரணமானது. மேல்கம்பியைத் தாங்க 10 மி.மீ. கம்பியில் வளைத்த சேர், மீட்டருக்கு ஒன்று, கால் வழுக்காமல் கட்டியது. நடப்பதற்குத் தனியே பலகைப் பாதை. கான்கிரீட் பால்கனியை நெருங்கும்போது ஒரு ஆள் கொக்கியோடு அங்கேயே நிற்க வேண்டும். இந்தத் தளத்தில் மாலை பார்த்தபோது சேர் நாலு இருந்தன. ஒன்பது தேவை. கம்பி ஃபிட்டர் முகம் சுளிக்காமல் விளக்கு வெளிச்சத்தில் மீதி ஐந்தையும் வளைத்துக் கட்டிவிட்டுத்தான் போனார். அப்படிப்பட்ட ஆளை அடுத்த வேலைக்கும் விடக் கூடாது.

எலக்ட்ரீசியன் குழாய்கள் கடைசி நேரத்தில் வருபவை. ஒரே இடத்தில் நாலைந்து குழாய் கட்டுக்கட்டாகப் போனால் அங்கே கான்கிரீட்டே இருக்காது. பீமுக்குள் குறுக்கே வெட்டிப் போவதை அனுமதிக்கக் கூடாது.

இனி கான்கிரீட். கலவையில் கன மீட்டருக்குச் சிமென்ட் 380 கிலோ, தண்ணீர் 165 லிட்டர். தண்ணீர்-சிமென்ட் விகிதம் 0.43. இந்தச் சூழலுக்கு உச்ச வரம்பு 0.45. 6 கன மீட்டர் லாரியில் 'கொஞ்சம் இளக்கமா இருக்கட்டும் சார்' என்று நாலு பக்கெட், அதாவது 60 லிட்டர் விட்டால் கன மீட்டருக்கு 10 லிட்டர் கூடி விகிதம் 0.46 ஆகிவிடும். நாலே பக்கெட்டில் வரம்பு தாண்டியாயிற்று. இளக்கம் வேண்டும் என்றால் ஆர்.எம்.சி. ஆளிடம் சொல்லி அட்மிக்ஸர் (இளக்கம் கூட்டும் ரசாயனம்) சேர்க்க வேண்டும், டிரம்மைச் சுற்றவிட்டு மறுபடி ஸ்லம்ப் எடுக்க வேண்டும். சலானில் தண்ணீர் கலந்த நேரத்தைப் பார்க்காமல் குழாயைத் திறக்கவிடக் கூடாது.

தளமும் பீமும் சேர்த்து 17.5 கன மீட்டர். மூன்று லாரியையும் முன்கூட்டியே வரிசையாகச் சொல்லிவிடுவது பழக்கம், ஆனால் அது தவறு. இரண்டு லாரி உறுதி. இரண்டாவது பாதி இறங்கும்போது டேப்பை எடுத்து, அந்த லாரியின் மிச்சம் நிரப்பும் இடம் போக மீதிப் பரப்பை அளந்து மூன்றாவதைச் சொன்னார்கள்: 40 சதுர மீட்டர், 0.13 கனம், 5.2 கன மீட்டர். குழாயில் தங்குவதைச் சேர்த்து 6. அரை கன மீட்டர் பற்றாமல் போனால் கையால் கலந்து ஒட்டுப்போடுவார்கள். மழைக்காலத்தில் அந்த ஒட்டுதான் ஒழுகும்.

40 மி.மீ. வைப்ரேட்டர் நீடில் 35 சென்டிமீட்டருக்கு ஒரு குத்து, 10 முதல் 15 விநாடி, மெல்ல வெளியே. வைப்ரேட்டரால் கான்கிரீட்டைத் தள்ளி நகர்த்தக் கூடாது. தள்ளினால் ஜல்லி ஒரு பக்கம், சிமென்ட் பால் ஒரு பக்கம். கூடுதலாக ஒரு வைப்ரேட்டர், அதற்குத் தனியே பெட்ரோல், தளத்தை மூடத் தார்ப்பாய் மூன்றும் முந்தின இரவே சைட்டில் இருந்தன.

16 முதல் 30 கன மீட்டருக்கு மூன்று சாம்பிள், சாம்பிளுக்கு மூன்று கியூப் (உடைத்துப் பார்க்கும் கான்கிரீட் கட்டி), ஆக ஒன்பது. 7 நாளில் உடைத்துப் பார்க்க வேண்டும் என்றால் தனியே மூன்று. எம் 30 கியூப் 28-ஆம் நாளில் உடையும் சுமை 675 கிலோ நியூட்டனுக்குக் குறையக் கூடாது என்பதை மனத்தில் வைத்திருந்தால் ரிப்போர்ட் வருமுன்பே இயந்திர முள்ளைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஒரே சாம்பிளின் மூன்றும் சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகினால் பெரும்பாலும் கியூப் செய்தவர் அடுக்கடுக்காகக் குத்தவில்லை என்று அர்த்தம்.

தண்ணீர் விஷயம் ஒன்று பாக்கி. நாகை போர் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்து 'உப்பில்லை' என்று சொல்லிவிடுவார்கள். கம்பி போட்ட கான்கிரீட்டான ஆர்.சி.சி.க்குக் குளோரைடு வரம்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம். நாக்கு அந்த நுணுக்கத்துக்கு ஏற்ற கருவி இல்லை. 5 லிட்டர் கேனில் பிடித்து லேபுக்கு அனுப்ப வேண்டும். பாத்தி கட்டித் தேக்கும் க்யூரிங் தண்ணீருக்கும் அதே அக்கறை வேண்டும். சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட் என்பதால் 10 நாள் க்யூரிங் கட்டாயம், 14 நாள் நல்லது. முட்டுப் பிரிப்பதற்கு 4.5 மீட்டர் வரையான தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14. பீம் 6 மீட்டர் வரை 14, மேல் 21. இவை சாதாரண போர்ட்லாண்ட் சிமென்ட்டுக்குச் சொன்னவை. பி.பி.சி.க்குக் கூடத்தான் விட வேண்டும். அடுத்த வீட்டுக்குப் பலகை வேண்டும் என்று சென்ட்ரிங்காரர் ஐந்தாம் நாள் வந்து நிற்பார்.

நான்காம் நாள்: திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, தொண்டி

முழுநாளும் பஸ். கஜா புயல் 2018 நவம்பரில் சாய்த்த தென்னந்தோப்புகளின் இடத்தில் இப்போது இளங்கன்றுகள். மணமேல்குடியில் சாப்பாடு.

மடியில் இரண்டு சைட்டின் தினசரி ரிப்போர்ட். சைட்டைப் பார்க்காமலே சைட்டைப் பார்க்க உதவும் ஒரே காகிதம் இது. ஆள் கணக்கை மட்டும் எழுதுகிறவர்கள் அதிகம். சிமென்ட் வரி நான்கும் வேண்டும்: தொடக்க இருப்பு, வந்தது, செலவு, மீதி. ஓர் உதாரணம். 1.2 மீட்டர் சதுரம், 30 சென்டிமீட்டர் கனத்தில் பத்து ஃபுட்டிங் போட்டதாக எழுதியிருக்கிறது. 4.3 கன மீட்டர். சைட்டில் கலக்கும் எம் 20-க்குக் கன மீட்டருக்கு எட்டு மூட்டை என்றால் 34 அல்லது 35 மூட்டை போயிருக்க வேண்டும். ரிப்போர்ட்டில் 29. கலவை மெலிந்ததா, குழி அளவு குறைந்ததா, இருப்பு தப்பாக எண்ணப்பட்டதா என்று அன்றைக்கே போனில் கேட்டால் பதில் கிடைக்கும். மாதக் கடைசியில் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது.

கம்பிக்கும் அப்படித்தான். மி.மீ.யில் விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 12 மி.மீ. கம்பி 12 மீட்டர் நீளத்துக்குப் பத்தரை கிலோவுக்குச் சற்று மேல். லோடு வந்ததும் கட்டை எண்ணி, எடை மேடை ரசீதோடு ஒப்பிட வேண்டும். வெட்டுமுன் பார் பெண்டிங் ஷெட்யூல் (எந்தக் கம்பி, எந்த நீளம், எத்தனை என்ற பட்டியல்) எழுதப்பட்டிருந்தால் 2.3 மீட்டர் துண்டு ஐந்து எடுத்து அரை மீட்டர்தான் மிஞ்சும். எழுதாவிட்டால் ஃபிட்டர் கைக்கு வந்த கம்பியை வெட்டுவார்.

ஐந்தாம் நாள்: பாம்பன்

ரயிலில் தீவுக்குள் நுழையும்போது பக்கத்தில் பழைய பாலம், 1914-இல் திறந்தது. 1964 டிசம்பர் புயலில் 126 கர்டர்கள் (பாலத்தின் இரும்பு உத்தரங்கள்) அடித்துச் செல்லப்பட்டன. மூன்று மாதம் கெடு கொடுத்தார்கள். ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் 46 நாளில் ரயில் ஓடவைத்தார். புதுக் கர்டர்களுக்காகக் காத்திராமல், கடலடியில் கிடந்தவற்றைக் கண்டுபிடித்துத் தூக்கி மறுபடி பொருத்தியதில்தான் அந்த நாட்கள் மிச்சமாயின. கையில் என்ன பொருள் இருக்கிறது என்று எண்ணியதில் கிடைத்த வேகம் அது. அரிப்பு முற்றியதால் 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி, 17 மீட்டர் நேர்செங்குத்தாக மேலே ஏறும். அதற்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலோக்ஸேன் பூச்சும் கொடுத்திருக்கிறார்கள். உப்புக் காற்றை எப்படி மதிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் இந்தக் கரையில் இல்லை.

சாதாரண இரண்டு மாடிக் கட்டடத்துக்கு அந்தக் கம்பி கட்டுப்படியாகாது. நமக்குக் கைக்கெட்டுவது கவர்தான். கடல் தெறிப்பு படும் இடத்துக்கு 50 மி.மீ., எம் 35, விகிதம் 0.45. ஊருக்குள் பத்துப் பதினைந்து வருடக் கட்டடத்தின் பில்லரைச் சுத்தியலால் லேசாகத் தட்டினால் சில இடம் 'டொக்' என்று பொள்ளலாக ஒலிக்கிறது. உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பிக் கவரைத் தள்ளிவிட்டிருக்கிறது. உதிர்ந்த ஒரு சில்லை எடுத்து அளந்தால் 18 மி.மீ. ரிங் கம்பியின் தடம் அதில் பழுப்பாகப் பதிந்திருக்கிறது.

இன்று பார்த்த சைட்டில் பன்னிரண்டு பில்லர் கூடு நிற்கிறது. அடியிலிருந்து கிளம்பும் ஸ்டார்ட்டர் கம்பியில் மெல்லிய துரு. கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்த்தாயிற்று. கட்டுக்கம்பியின் வால்கள் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தன. 50 மி.மீ. கவரில் 30 மி.மீ. நீட்டிய வால், உப்புக்குப் பாதி வழியைத் திறந்துவிடும். இரண்டு பேர் கொறடோடு உட்கார்ந்து எல்லா வாலையும் உள்ளே மடக்கினார்கள். பலகையின் அடி இடுக்கைச் சாக்கு அடைத்து மூடச் சொல்லியிருக்கிறது. அங்கே பால் ஒழுகினால் பில்லரின் காலில்தான் தேன்கூடு வரும், உப்புத் தண்ணீர் தேங்குவதும் அங்கேதான்.

மிச்சம் கவர் பிளாக், கம்பிக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி பிடிக்கும் கட்டி. உடைந்த டைல்ஸ், கருங்கல் சில்லு, பி.வி.சி. துண்டு எதுவும் கூடாது. பில்லர் கலவையில் சின்ன ஜல்லியை மட்டும் வைத்து, 50 மி.மீ. அச்சில் கட்டுக்கம்பி செருகி வார்த்து, தொட்டியில் ஊறவைக்க வேண்டும். பில்லருக்கு 20 வீதம் 240 தேவை. தொட்டியில் கை விட்டு எண்ணினால் 180. கான்கிரீட் திங்கட்கிழமை என்று எழுதியிருந்தது. மீதி 60-ஐ மேஸ்திரி இன்று மதியம் வார்த்துவிட்டார். வெள்ளிக்கிழமை வார்த்த பிளாக் குறைந்தது ஒரு வாரம் ஊற வேண்டும். லாரிக்குப் போன் செய்து தேதியை அடுத்த சனிக்கிழமைக்கு மாற்றியாயிற்று.